பிள்ளை மூன்று மாதம் பொறுத்திருக்குமா?
வாசகர் கேள்வி – பதில்

கனடாவுக்குப் புதிதாக வந்த கர்ப்பிணிகளின் மருத்துவக் காப்புறுதி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் ஆறினை இவ்விதழில் எடுத்துக்கொள்கிறோம். பெயர்களையும் தனிப்பட்ட விவரங்களையும் நீக்கியிருக்கிறோம். எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் விதியை முதலில் சொல்லிவிடுவது நல்லது. 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம், புதிதாகக் குடிவருபவரைக் காப்புறுதிக்காக ஒரு மாகாணம் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது என்று சொல்கிறது. மூன்று மாதம் காத்திருக்க வைத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆகவே காத்திருப்பு உண்டா, இல்லையா, எவ்வளவு என்பதை அந்தந்த மாகாணமே தீர்மானிக்கிறது. ஒரு மாகாணத்தில் வாழும் உறவினர் இன்னொரு மாகாணத்தில் வாழ்பவருக்குச் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் பிழைத்துப்போவது இதனால்தான்.

கேள்வி: கணவரின் ஸ்பொன்சர் மூலம் நிரந்தர வதிவிட உரிமை பெற்று மூன்று வாரங்களுக்கு முன் ஸ்காபரோவுக்கு வந்தேன். இப்போது 14 வாரக் கர்ப்பிணி. முதல் மூன்று மாதம் ஹெல்த் காட் (மாகாணக் காப்புறுதி அட்டை) தர மாட்டார்கள், அதற்குள் வைத்தியரிடம் போனால் எல்லாவற்றுக்கும் கைக்காசு கட்ட வேண்டும், ஆகவே பொறுத்துப் போகலாம் என்று மாமி சொல்கிறார். அவர் 1996இல் வந்தவர், அனுபவப்பட்டவர். அவர் சொல்வதைத் தட்டவும் மனமில்லை.
– வாசகி, ஸ்காபரோ

பதில்: உங்கள் மாமி பொய் சொல்லவில்லை. அவர் வந்த காலத்தில் அதுதான் விதி. 1994இல் ஒன்ராறியோ மாகாணம் மூன்று மாதக் காத்திருப்பைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், அந்த விதி அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2001இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே எங்கள் சமூகத்தில் தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து வந்து இறங்கிய பல குடும்பங்கள் அந்த மூன்று மாதத்தைப் பயத்தோடு கடந்தவைதான். ஆனால் 2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில், அந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டது. அது திரும்பக் கொண்டுவரப்படவில்லை. தகுதியுள்ள ஒருவருக்கு இன்று ஒன்ராறியோவில் காப்புறுதி உடனடியாகவே தொடங்குகிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவைக்க வேண்டும். அதே 2020 மார்ச்சில், ஓஹிப் எனப்படும் ஒன்ராறியோ மாகாணக் காப்புறுதி அறவே இல்லாதவர்களின் வைத்தியசாலைச் செலவையும் மாகாண அரசு ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. அந்த ஏற்பாடு 2023 மார்ச் 31ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்த சலுகைகள் என்பதால், ஒன்று நின்றபோது மற்றதும் நின்றுவிட்டதாகப் பலர் எண்ணிக்கொண்டார்கள். நின்றது காப்புறுதி அற்றவர்களுக்கான உதவி மட்டுமே. நிரந்தர வதிவிட உரிமையுடன் வந்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்குக் காத்திருப்பு இல்லை.

ஆகவே நாளைக்கே சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாண அரசின் சேவை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். குடிவரவு நிலை, ஒன்ராறியோவில் வசிப்பது, நீங்கள் யார் என்பது ஆகிய மூன்றையும் காட்டும் மூன்று வெவ்வேறு மூலப் பத்திரங்கள் தேவை. கடவுச்சீட்டும் நிரந்தர வதிவிட உரிமையை உறுதிப்படுத்தும் பத்திரமும் உங்களிடம் இருக்கும். புதிதாக வந்த மருமகள்மார் தடக்குப்படுவது ஒன்ராறியோவில் வசிப்பதைக் காட்டும் இரண்டாவது பத்திரத்தில்தான். வீட்டு ஒப்பந்தம், மின்கட்டணம் எல்லாம் மாமன் பெயரிலோ கணவன் பெயரிலோ இருக்கும். உங்கள் பெயரில் ஒரு தாளும் இராது. இதற்கு எளிய வழி, வந்த வாரத்திலேயே உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, மாதாந்தக் கணக்கு அறிக்கையைத் தபாலில் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்வது. வங்கி முகாமையாளர் எழுதித் தரும் கடிதத்தையோ பணம் வைப்பிட்ட பற்றுச்சீட்டையோ ஏற்க மாட்டார்கள். இந்தச் சிறு விஷயத்துக்காக இரண்டு மூன்று தடவை அலைந்த பெண்களை நான் அறிவேன்.

பொறுத்துப் போகலாம் என்ற ஆலோசனை உங்கள் நிலையில் எவ்வளவு ஆபத்தானது என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். வந்து மூன்று மாதம் முடியும்போது நீங்கள் ஏறத்தாழ 24 வாரக் கர்ப்பிணியாக இருப்பீர்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் முதற் கட்ட ஸ்கானும் இரத்தப் பரிசோதனையும் இப்போதே கைநழுவும் நிலையில் இருக்கின்றன. குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கான் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யப்படுவது, அதுவும் போய்விடும். கர்ப்பகால நீரிழிவு தெற்காசியப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையை எங்கள் பெண்கள் தவறவிடக் கூடாது. உங்கள் இரத்த வகை நெகடிவ் ஆக இருந்தால் 28ஆம் வார அளவில் ஓர் ஊசி தேவைப்படும். குறித்த வாரம் கடந்த பின் இவற்றைச் செய்து பயனில்லை, அல்லது பயன் குறைவு.

காட் கைக்கு வரும்வரையிலும் நீங்கள் ஆதரவற்றவர் அல்ல. ஒன்ராறியோவில் வசிக்கும் எந்தப் பெண்ணும், ஓஹிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவிச்சியின் பராமரிப்பைக் கட்டணமின்றிப் பெறலாம். மருத்துவிச்சிகளுக்கு மாகாணச் சுகாதார அமைச்சு ஓஹிப் அல்லாத வேறு வழியால் நேரடியாகப் பணம் வழங்குகிறது. மருத்துவிச்சி என்றதும் எங்கள் மூத்தவர்களின் மனத்தில் ஊரில் வீடு வீடாகச் சென்று பேறு பார்த்த கிழவியின் உருவம் வந்து நிற்கும். இங்கே அவர்கள் நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, பதிவுசெய்து, ஸ்கானுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்து, வைத்தியசாலையிலேயே பிரசவம் பார்ப்பவர்கள். சிக்கல் தோன்றினால் மகப்பேற்று நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள். இத்தொழில் ஒன்ராறியோவில் சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்டதும் காத்திருப்பு விதி வந்த அதே 1994இல்தான். ஒரு கை எடுத்ததை இன்னொரு கை ஓரளவு கொடுத்தது என்று சொல்லலாம். மருத்துவிச்சிகளுக்குக் கிராக்கி அதிகம் என்பதால், 14 வாரம் என்பதே சற்றுப் பிந்திய அழைப்பு. இன்றே தொலைபேசியில் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பேறுக்குத் தாய் வீட்டுக்குப் போய் வரும் எண்ணம் இருந்தால் அதை ஒத்திவையுங்கள். வந்த நாளிலிருந்து முதல் 183 நாட்களில் 153 நாட்கள் நீங்கள் ஒன்ராறியோவில் இருக்க வேண்டும். அதாவது வெளியே இருக்கக் கூடியது 30 நாட்கள் மட்டும். மாமிக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர் காலத்து விதியை அவர் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சரே நகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். மனைவிக்கு நிரந்தர வதிவிட விசா கிடைத்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். பிரசவத் திகதி ஜூலை 20. மே 1ஆம் திகதி அவருடைய தங்கைக்குத் திருமணம் என்பதால், அது முடிந்து மே 4ஆம் திகதி வந்திறங்கப் பயணச்சீட்டு எடுக்கலாமென்று இருக்கிறோம். எனக்கு எம்.எஸ்.பி. (இந்த மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி) இருக்கிறபடியால் அவருக்கும் உடனே கிடைக்கும்தானே?
– வாசகர், சரே

பதில்: கிடைக்காது. நீங்கள் ஒன்பது ஆண்டுகள் வசித்ததும் வரி கட்டியதும் மனைவியின் காத்திருப்பை ஒரு நாளாலும் குறைக்கா. உங்கள் மாகாணத்தில் காத்திருப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதை மூன்று மாதம் என்று எல்லாரும் சொன்னாலும், உண்மையான கணக்கு வேறு: வந்திறங்கிய மாதத்தின் எஞ்சிய நாட்களும், அதற்கு அடுத்த இரண்டு முழு மாதங்களும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்கு ஒரு சில நாட்களில் ஒரு முழு மாதம் மிச்சமாகும். தெரியாதவருக்கு அதே ஒரு மாதம் நட்டமாகும்.

உங்கள் திகதிகளையே வைத்துப் பார்ப்போம். மே 4ஆம் திகதி வந்தால், மே மாத மிச்சம், ஜூன், ஜூலை ஆகியவை கழிந்து ஆகஸ்ட் 1ஆம் திகதிதான் காப்புறுதி தொடங்கும். பிரசவத் திகதி ஜூலை 20. வைத்தியசாலைக் கட்டணம், மகப்பேற்று நிபுணரின் கட்டணம், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து நிபுணரின் கட்டணம் என்று முழுச் செலவும் உங்கள் தலையில் விழும். அது பல ஆயிரம் டொலர். மாறாக ஏப்ரல் 28ஆம் திகதி வந்திறங்கினால், ஏப்ரலின் எஞ்சிய இரண்டு நாட்களும் மே, ஜூன் மாதங்களும் கழிந்து ஜூலை 1ஆம் திகதி காப்புறுதி தொடங்கிவிடும். ஆறு நாட்கள் முந்தி வருவதால் காப்புறுதி 31 நாட்கள் முந்துகிறது. பிரசவம் அதற்குள் அடங்கிவிடும்.

தங்கையின் திருமணத்தைத் தவறவிடச் சொல்வது எனக்கு இலகுவல்ல. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் அக்கா இல்லாமல் மணவறை ஏறும் தங்கையின் மனமும் எனக்கு விளங்குகிறது. ஆனாலும், என்னிடம் நேரில் கேட்டிருந்தால், ஏப்ரலில் அழைத்துவிடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். பயணத்தின் பாதுகாப்பும் இதே திசையைத்தான் காட்டுகிறது. ஏப்ரல் 28இல் அவர் 28 வாரத்தைத் தொட்டிருப்பார். விமான நிறுவனங்கள் பல, 28 வாரத்துக்குப் பின் வைத்தியரின் கடிதம் கேட்கும். 36 வாரத்துக்குப் பின் பொதுவாக ஏற்ற மாட்டா. நாள் செல்லச் செல்லப் பயணம் கடினமாகும்.

ஏப்ரலில் வந்தாலும் மே, ஜூன் மாதப் பரிசோதனைகளுக்கு நீங்களே பணம் கட்ட வேண்டும். இந்த மாகாணத்தில் மருத்துவிச்சிக்கு எம்.எஸ்.பி. வழியாகவே பணம் செல்வதால், ஒன்ராறியோவில் உள்ள இலவச வழி இங்கு இல்லை. ஆனால் சில பரிசோதனைகளுக்கான கட்டணம் வேறு, ஒரு பிரசவத்தின் கட்டணம் வேறு. செலவைக் குறைக்க, சர்க்கரைப் பரிசோதனையையும் உறுப்பு ஸ்கானையும் யாழ்ப்பாணத்திலேயே முடித்து, அறிக்கைகள், இரத்த வகை, தடுப்பூசி விவரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். குழந்தை முந்திக்கொண்டு ஜூனில் பிறக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக் கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வையுங்கள். வலியோடு வந்த பெண்ணை வைத்தியசாலை திருப்பி அனுப்பாது; கட்டணச்சீட்டு பின்னால் வரும். அப்படி வந்தால் கட்டணப் பிரிவுடன் பேசித் தவணை முறை கேளுங்கள். கட்டிய ஒவ்வொரு டொலருக்கும் பற்றுச்சீட்டு வைத்திருங்கள். வருமான வரிப் படிவத்தில் மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகை கோரலாம்.

தனியார் காப்புறுதி வாங்கினால் என்ன என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். புதிதாக வருபவர்களுக்கான தனியார் காப்புறுதிகள், வாங்கும் நாளில் ஏற்கெனவே உள்ள கர்ப்பத்தையும் சாதாரண பிரசவத்தையும் பொதுவாக விலக்கியே வைக்கின்றன. எதிர்பாராத விபத்துக்கும் வேறு நோய்க்கும் அது உதவலாம், அதற்காக வாங்குவதில் தவறில்லை. பிரசவத்துக்கு உதவும் என்று முகவர் வாயால் சொன்னால், ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வேலைத்தலக் காப்புறுதியும் பெரும்பாலும் மாகாணக் காப்புறுதி உள்ளவருக்கு அதற்கு மேலதிகமாகக் கொடுப்பதுதான். அதன் இடத்தை நிரப்புவதல்ல.

கேள்வி: மொன்றியலுக்கு வந்து ஒரு மாதம். ஏழு மாதக் கர்ப்பிணி. கியூபெக்கில் மூன்று மாதக் காத்திருப்பு உண்டு என்று அறிவித்து மாகாணக் காப்புறுதிச் சபையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து நித்திரை இல்லை.
– வாசகி, மொன்றியல்

பதில்: நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள், சகோதரி. கியூபெக்கில் காத்திருப்பு இருப்பது உண்மை. ஆனால் அந்த விதியிலேயே சில விலக்குகள் இருக்கின்றன. கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு ஆகியவற்றோடு தொடர்புடைய மருத்துவ சேவைகள் காத்திருப்புக் காலத்திலும் காப்புறுதிக்குள் அடங்கும். குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களுக்குத் தேவையான சேவைகளும், பொதுச் சுகாதாரத்தைப் பாதிக்கக்கூடிய தொற்றுநோய்களுக்கான சேவைகளும் அப்படியே. ஆகவே உங்கள் பரிசோதனைகளுக்கும் பிரசவத்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. சபையின் கடிதத்தையே கையில் கொண்டு சென்று, பதிவு மேசையில், காத்திருப்பில் இருக்கிறேன், கர்ப்பம் தொடர்பாக வந்திருக்கிறேன் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் கேட்ட ஊழியர் கட்டணம் கேட்பது நடக்கக்கூடியதே. பல்வலி, கால்முறிவு போன்றவை இவ்விலக்குக்குள் வரமாட்டா. ஒரே விதியை எழுதும்போது ஒரு மாகாணம் தாயை நினைத்திருக்கிறது, இன்னொரு மாகாணம் நினைக்கவில்லை என்பது என் தனிப்பட்ட ஆற்றாமை.

கேள்வி: பார்வையாளராக வந்து ரொறன்ரோவில் அகதிக் கோரிக்கை சமர்ப்பித்திருக்கிறோம். மனைவி 30 வாரக் கர்ப்பிணி. எங்களுக்கு எத்தனை மாதக் காத்திருப்பு?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: உங்களுக்கு மாகாணக் காப்புறுதி இப்போது இல்லை, அதனால் மாகாணக் காத்திருப்பும் இல்லை. சமஷ்டி அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உங்களுக்குரியது. கோரிக்கை பெற்றுக்கொள்ளப்பட்டதை உறுதிப்படுத்தும் கடிதம் கைக்கு வந்ததும் அதைக் காட்டிப் பயன்படுத்தலாம். வைத்தியர், வைத்தியசாலை, பரிசோதனைக்கூடம், பிரசவம் ஆகியவை அதில் அடங்கும். 2012இல் இத்திட்டம் வெட்டிக் குறைக்கப்பட்டது. அவ்வெட்டு கொடூரமானது என்று 2014இல் சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 ஏப்ரலில் அது மறுபடி முழுமையாக வழங்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பட்ட அனுபவத்தை வைத்துத்தான் இன்றும் சிலர், அகதிக் கோரிக்கையாளருக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்கிறார்கள்.

நடைமுறையில் வரும் சிக்கல், இத்திட்டத்தில் பதிவுசெய்யாத வைத்தியர்கள் பலர் இருப்பதுதான். நேரம் குறிக்கும்போதே, இத்திட்டத்தை ஏற்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். கடிதம் வரத் தாமதமானால், முதல் பதிலில் சொன்ன மருத்துவிச்சி வழியும், சமூகச் சுகாதார நிலையங்களும் உங்களுக்கும் திறந்திருக்கின்றன. சமூகச் சுகாதார நிலையங்கள் காப்புறுதி இல்லாதவர்களையும் பார்ப்பவை. 30 வாரத்தில் இனியும் ஒரு கிழமை பொறுப்பது நல்லதல்ல.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு வேலை மாறிப் போகிறோம். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. இடையில் காப்புறுதி அறுந்துபோகுமா?
– வாசகர், பிக்கரிங்

பதில்: அறாது. மாகாணம் விட்டு மாகாணம் மாறும்போது, நீங்கள் போய்ச் சேர்ந்ததற்குப் பின் வரும் மூன்றாவது மாதத்தின் முதல் நாளில், கல்கரி இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தின் காப்புறுதி தொடங்கும். அதுவரை ஒன்ராறியோ பொறுப்பு. பழைய ஹெல்த் காட்டை வீசிவிடாதீர்கள், போனவுடன் அங்கே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டிலிருந்து நேரே அல்பேர்ட்டாவுக்குக் குடிவருபவர்களோ, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்தால் வந்த நாளிலிருந்தே காப்புறுதி பெறுகிறார்கள்.

கேள்வி: மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பார்வையாளர் விசாவில் இங்கே மார்க்கம் நகருக்கு அழைத்து, எங்கள் வீட்டில் வைத்துப் பேறு பார்த்து அனுப்ப விரும்புகிறோம். பயணக் காப்புறுதி எடுத்துத் தருவதாக முகவர் சொல்கிறார். பிள்ளை கனடாவில் பிறந்தால் பிள்ளைக்கு எல்லாம் இலவசம் என்றும் கேள்விப்பட்டோம்.
– ஒரு தாயார், மார்க்கம்

பதில்: அம்மா, மகளைப் பக்கத்தில் வைத்துப் பேறு பார்க்க விரும்பும் உங்கள் ஆசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு முன் கேட்டவர்கள் எல்லாரும் இங்கே குடியிருக்க வந்தவர்கள். உங்கள் மகள் அப்படி அல்ல. பார்வையாளருக்கு ஓஹிப் கிடையாது, எத்தனை மாதம் காத்திருந்தாலும் கிடைக்காது. மருத்துவிச்சியின் இலவசப் பராமரிப்பும் ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கு உரியதே.

முகவர் தரும் பயணக் காப்புறுதியின் ஒப்பந்தத்தில் கர்ப்பம் பற்றிய பகுதியை யாரேனும் ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில், பிரசவத் திகதிக்கு முந்திய ஒன்பது வாரமும் பிந்திய ஒன்பது வாரமும் கர்ப்பத்தால் வரும் எந்தச் செலவும் ஏற்கப்படாது என்று எழுதியிருக்கும். நீங்கள் அழைக்க நினைக்கும் காலமே அந்தப் பதினெட்டு வாரம்தான். பயணத்தின்போது பிறக்கும் குழந்தையையும் அவை பொதுவாகச் சேர்ப்பதில்லை.

கனடா மண்ணில் பிறக்கும் உங்கள் பேரப்பிள்ளை கனடியக் குடிமகனாவது உண்மை. ஆனால் குடியுரிமையும் மருத்துவக் காப்புறுதியும் ஒன்றல்ல. ஓஹிப் பெறுவதற்கு ஒன்ராறியோ நிரந்தர இருப்பிடமாக இருக்க வேண்டும். சில மாதத்தில் தாயோடு திரும்பிப் போகவிருக்கும் குழந்தைக்கு அது பொருந்தாது. குழந்தை குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால், ஒரு நாளுக்கே ஆயிரக்கணக்கான டொலர் வரும். உங்களுக்குக் கனடியக் கடவுச்சீட்டோ வதிவிட உரிமையோ இருக்கிறபடியால், பேறுக்கு நீங்கள் மகளிடம் போய் இருந்துவிட்டு வருவதே மேல். நீங்கள் வெளியே இருக்கும் நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாட்கள் ஒன்ராறியோவில் இருந்திருந்தால் உங்கள் சொந்த ஹெல்த் காட்டுக்குப் பழுது வராது.